பூனை நலம்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூனை மாடி வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. அதற்கும் தடுப்பூசி அவசியமா, ஐயா?

பதில்: அவசியம்தான். குட்டிகளை இரண்டொரு நாளில் கொன்றுவிடக்கூடிய பான்லூக்கோபீனியா வைரஸ், சாதாரண சோப்பு நீருக்கு அழியாமல் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் கிடக்கும். தெருவில் மிதித்த செருப்போடு அது உங்கள் மாடிக்கும் ஏறிவிடும். இதற்கும், பூனைக்குச் சளிக்காய்ச்சல் தரும் ஹெர்பிஸ், கலிசி வைரஸ்களுக்கும் சேர்த்துப் போடும் முக்கூட்டு ஊசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் முதல் ஊசிகளின் பலனைத் தடுக்கக்கூடும் என்பதால், நடுவில் நிறுத்திவிட்டால் குட்டிக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்குப் பின். நம் ஊர்ச் சூழலில் அதை ஆண்டுதோறும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: 9 வயதுப் பூனை நன்றாகத்தான் சாப்பிடுகிறது. பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

பதில்: ஆண்டுக்கு இருமுறை கொண்டுபோங்கள். நோவை மறைப்பது பூனையின் இயல்பு. நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். சிறுநீரகம் முக்கால் பங்கு செயலிழந்த பிறகே ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு தெளிவாக உயரும் என்பதால், அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாமல் சிறுநீரின் அடர்த்தியையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு மிகைப்பு, சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கும் சோதிக்க வேண்டும். மாதம் ஒருமுறை வீட்டிலேயே எடை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் குறைவது, 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைப்பதற்குச் சமம். ரோமத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் கடுவன் (ஆண் பூனை) காலையிலிருந்து மணல் தட்டில் போய்ப் போய் முக்குகிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கலாமா, டாக்டர்?

பதில்: எதுவும் கொடுக்காதீர்கள், இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது; படிகமோ சளித் திரளோ அதை அடைத்துவிட்டால் சிறுநீர் துளிகூட வராது, அல்லது ரத்தம் கலந்து ஓரிரு துளி வரும். அடைப்பு நீடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். வயிற்றின் பின்பகுதி கல்போல் இறுகியிருந்தால் அழுத்திப் பார்க்கவும் கூடாது, சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். விடியட்டும் என்று காத்திருந்ததால் இழந்த பூனைகள் பல என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் அரை மாத்திரை தரலாமா?

பதில்: கூடவே கூடாது. அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரையே உயிரைப் பறிக்கக்கூடும். நாய்களுக்கான, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உண்ணி மருந்தும் அவ்வாறே.

கேள்வி: பெட்டைக்கு ஒருமுறை குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை செய்ய வேண்டும் என்கிறார் எங்கள் அம்மா. அது சரியா?

பதில்: அதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. 4 மாதத்திலேயே சினைப்படக்கூடும் என்பதால் 5 மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் பின்னாளில் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். அறுவைக்கு முன் குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் முடிந்திருக்கட்டும்.