எண்ணெய்க் குப்பியும் வெண்கலச் சர்ப்பமும்

கேள்வி: உபவாசக் கூட்டத்தில் ஜெபித்துக் கொடுத்த ஒலிவ எண்ணெயைப் பிள்ளையின் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். அது இல்லாத இரவில் தூக்கமே வருவதில்லை. இதுவும் விக்கிரகாராதனையா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, எண்ணெயில் தவறில்லை. அது இல்லாவிட்டால் வருகிற பயத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

வெண்கலச் சர்ப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களைப் பாம்புகள் கடித்தபோது, தேவனே மோசேயிடம் செய்யச் சொன்னது அது (எண்ணாகமம் 21:8). பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். பல நூறு ஆண்டுகள் கழித்து ஜனங்கள் அதற்கே தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்து, ‘நிகுஸ்தான்’ என்று பேரிட்டான் (2 இராஜாக்கள் 18:4). வெறும் வெண்கலத் துண்டு என்பதுபோலத்தான்! அந்நிய தேவதையின் சிலை என்றால் நாம் உஷாராகிவிடுவோம். ஆலயத்திலிருந்து வந்த பொருளிடம் அந்த எச்சரிக்கை இருப்பதில்லை, ஆபத்தே அங்கேதான்.

யாக்கோபு 5:14-ல் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபம்பண்ணுகிறார்கள். ஆனால் அடுத்த வசனம், “விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்” என்கிறது. எண்ணெய் இரட்சிக்கும் என்று சொல்லவில்லை. காவலுக்கு வைத்துக்கொள்ளும்படியும் அங்கே சொல்லப்படவில்லை.

இன்றிரவே குப்பியை எடுத்துவிடுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து, கர்த்தர் உறங்காமல் காக்கிறார் என்று சொல்லும் 121-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்து, உங்கள் சொந்த வார்த்தைகளில் ஜெபியுங்கள். முதல் சில இரவுகள் மனம் குப்பியைத் தேடும். அப்போது எழுந்துபோய் எடுத்துவராமல், அந்தப் பயத்தையே கர்த்தரிடம் சொல்லுங்கள். மீதி எண்ணெயைக் கொட்டலாமா என்று நடுங்க வேண்டாம், அந்த நடுக்கமும் அதே நோய்தான். கெட்டுப்போகாமல் இருந்தால் சமையலுக்கு ஊற்றுங்கள்.