அன்லிமிடெட் பிளான் போட்டும் மாதக் கடைசியில் நெட் ஏன் படுத்துவிடுகிறது?

எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். 100 எம்பிபிஎஸ் லைன். 27, 28ஆம் தேதி ஆனால் வீடியோ கால் கூடத் திக்கும். லைன் பார்க்கிற தம்பிக்கு போன் போட்டால், வந்து மோடத்தை அணைத்துப் போட்டுவிட்டு, "இப்ப பாருங்க சார்" என்பார். 1ஆம் தேதி தானாகச் சரியாகிவிடும், பெயர் அவருக்கு. தேதி ஒரே மாதிரி வருவது எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆனது.

காரணம் எஃப்யூபி (Fair Usage Policy), அதாவது நியாயமான பயன்பாட்டு வரம்பு. பல 'அன்லிமிடெட்' பிளான்களில் மாதம் 3300 ஜிபி என்று ஒரு வரம்பு, நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

நாங்கள் அவ்வளவு படம் பார்க்கிற ஆட்களும் இல்லையே என்று துருவினால், மாட்டியது மாமனார் வைத்த நான்கு கேமராக்கள். ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் 24 மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு நாளைக்கு 21.6 ஜிபி, நான்குக்கும் மாதம் கிட்டத்தட்ட 2600 ஜிபி! எங்கள் பிளானில் அப்லோடும் கணக்கில் சேரும். யாரும் நடமாடாத மொட்டை மாடியைப் படம் பிடிக்கத்தான் இத்தனையும்.

வரம்பு வைப்பதில் எனக்குக் கோபமில்லை. ஒரு தெருவே பங்குபோடுகிற லைன் அது. பெயரில் மட்டும் அன்லிமிடெட் என்பதுதான் எரிச்சல். அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணைய கம்பெனி 2007இல் இதைவிட மோசம்: பிட்டோரண்ட் என்ற ஃபைல் பகிரும் முறையைப் பயன்படுத்தியவர்களின் இணைப்பை, எதிர்முனையே துண்டித்ததுபோல் பொய்யான சிக்னல் அனுப்பி அறுத்தது. விஷயம் வெளியே வந்து, 2008 ஆகஸ்டில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கண்டித்தது. அதே ஆண்டு அக்டோபரில் காம்காஸ்ட்காரர்கள் மாதம் 250 ஜிபி என்று வெளிப்படையாகவே வரம்பு வைத்துவிட்டார்கள். நம் ஊரில் எஃப்யூபி தாண்டினாலும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இல் சொன்னது. இன்றைக்கு அதில் என்ன பார்ப்பது, அது வேறு கதை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: கம்பெனி ஆப்பில் இந்த மாத உபயோகத்தைப் பாருங்கள். அப்புறம் ஸ்பீடு டெஸ்ட் நாலைந்து முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே குறைந்த எண்ணில் நின்றால் பெரும்பாலும் எஃப்யூபிதான். ஏறி இறங்கினால் வைஃபையோ லைனோ கோளாறு; அப்போது தம்பியைக் கூப்பிடுங்கள்.

எங்கள் கேமராக்கள் இப்போது மெமரி கார்டில் பதிகின்றன. மாமனாருக்குத்தான் இன்னும் திருப்தியில்லை.