யுரேனியம் கண்ணாடி கருவைக் கலைக்குமா?

கேள்வி: வயது 33. சொந்த ஊர் குளச்சல் பக்கம், இப்போது ஒஹையோவில் இருக்கிறோம். யுரேனியம் கலந்து செய்த பழைய கண்ணாடிப் பாத்திரங்கள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. படுக்கையறை ஷோகேஸில் நாற்பது உருப்படி வைத்திருந்தேன். கடந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது, இரண்டும் மூன்று மாதத்துக்குள். கண்ணாடியின் கதிர்வீச்சுதான் காரணம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எல்லாவற்றையும் கராஜில் போட்டுவிட்டு, கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவி வாங்கிப் பார்த்தால் கடகடவென்று அடிக்கிறது. ரேடான் என்ற கதிரியக்க வாயு வருமா? சிறுநீரகம் போய்விடுமா? முடி கொட்டுகிறது. பாதுகாப்புக்காக நான்கு மாதமாகத் தினம் ஒரு பொட்டாசியம் அயோடைடு மாத்திரை போடுகிறேன். இப்போது படபடப்பும் கை நடுக்கமும் இருக்கிறது. கதிர்வீச்சு உடம்பில் ஏறிவிட்டதா?

பதில்: இல்லை. உங்கள் கரு கலைந்ததற்கு அந்தக் கண்ணாடி காரணமில்லை. 'நான் வாங்கி வைத்ததால்தான் போச்சோ' என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யுரேனியம் வெளியிடும் ஆல்ஃபா துகள் உங்கள் தோலைத் தாண்டாது. அதோடு சேர்ந்து வரும் பீட்டா துகள் உடம்புக்குள் ஒரு சென்டிமீட்டர் போனாலே அதிகம், கருப்பைவரை எங்கே போவது? காமா கதிர் உண்டு, ஆனால் மிகக் கொஞ்சம். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிகிரே என்ற அலகில் அளப்பார்கள். 50 மில்லிகிரேக்குக் கீழே கருச்சிதைவோ குறைபாடோ கூடுவதாக மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சிடி ஸ்கேன்கூட வழக்கமாக அந்த அளவைத் தொடாது. உங்கள் ஷோகேஸ் வருடம் முழுக்கத் தருவது ஒரு மில்லிகிரேயில் சிறு துளிதான். கைகர் கருவி கத்துவது பெரும்பாலும் அந்த பீட்டாவைப் பார்த்துத்தான். கருவியை ஒரு கை தூரம் தள்ளிப் பிடியுங்கள், சத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். ஊருக்கு வரும்போது மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு எடுத்துப் போங்கள், அந்தக் கறுப்பு மணலிலும் கத்தும். அதில் மோனசைட் என்ற தாதுவும், அதற்குள் கதிரியக்கமுள்ள தோரியமும் இருக்கின்றன. சின்ன வயதில் அதில் கால் புதைத்து விளையாடியிருப்பீர்கள்.

இருட்டில் ஊதா டார்ச் அடித்தால் வரும் அந்தப் பச்சை ஒளியும் கதிர்வீச்சு இல்லை. ஒரு நண்பர் வீட்டில் நானும் பார்த்திருக்கிறேன். பகலில் எலுமிச்சை சர்பத் நிறத்தில் சாதுவாக இருந்த சின்னக் கிண்ணம், விளக்கை அணைத்து டார்ச் அடித்ததும் பாசிப் பச்சையாகப் பற்றிக்கொண்டது. டார்ச்சை அணைத்ததும் அதுவும் அணைந்தது. புற ஊதா ஒளியை வாங்கிப் பச்சையாகத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். (டார்ச்சை மட்டும் யார் கண்ணிலும் அடிக்காதீர்கள்.) உங்கள் ஒஹையோவிலும் அக்கம்பக்க மாநிலங்களிலும் 1930களில் இந்தப் பச்சைக் கண்ணாடியைச் சமையலறைச் சாமானாகவே விற்றார்கள்.

சரி, இப்போது எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாத்திரை. யார் சொல்லிப் போட்டீர்கள்? பொட்டாசியம் அயோடைடு அணு உலை விபத்துக்கான மருந்து. அப்போது காற்றில் கலக்கும் கதிரியக்க அயோடின் தைராய்டுக்குள் நுழையாமல் தடுக்க, அதிகாரிகள் சொல்லும்போது மட்டும், ஓரிரு நாள் போடுவது. யுரேனியத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். 130 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அதைப் போல அறுநூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. அதை நூற்றிருபது நாள் விழுங்கியிருக்கிறீர்கள்! இவ்வளவு அயோடின் கொட்டினால் தைராய்டு சிலருக்கு மந்தமாகும், சிலருக்குத் தறிகெட்டு ஓடும். படபடப்பு, கை நடுக்கம் என்று நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. கடிதத்தில் நான் பயந்த இடம் அது ஒன்றுதான்.

இன்றே நிறுத்துங்கள். இந்த வாரத்துக்குள் தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120ஐத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ வாரம் வரை காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை போட்டதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். அயோடின் இப்படி ஏறியிருந்தால் தைராய்டு ஐசோடோப் ஸ்கேன் சரியாக வராது, அவர் வேறு வழியில் பார்க்க வேண்டியிருக்கும். தைராய்டு சீராகும்வரை அடுத்த கருவைத் தள்ளிப்போடுங்கள். தைராய்டு கோளாறு கருச்சிதைவுக்கு ஒரு காரணம், அதிக அயோடின் வயிற்றுக் குழந்தையின் தைராய்டையும் கெடுக்கும். இரண்டாவது முறை கலைந்த பிறகுதான் மாத்திரையைத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் நடந்ததற்கு அதுவும் காரணமில்லை. அந்தப் பழியையும் தூக்கித் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியதால் கலைபவை. நீங்கள் படியேறியதாலோ பப்பாளி சாப்பிட்டதாலோ அல்ல. ஆனாலும் இரண்டு முறை நடந்துவிட்டதால் பரிசோதனை உங்களுக்கு அவசியம். தைராய்டும் சர்க்கரையும் போக, ரத்தம் உறைவதைக் கூட்டிக் கருவைக் கலைக்கக்கூடிய ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இருப்பதாக வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். கருப்பையின் வடிவத்தை ஸ்கேனில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் உங்கள் இருவர் குரோமோசோமையும் பார்ப்பார்கள். இரண்டு முறை கலைந்த பெண்களில் பெரும்பாலோர் பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

முடி கொட்டுவது பெரும்பாலும் கரு கலைந்த அதிர்ச்சியின் மிச்சம். தைராய்டும் சேர்ந்திருக்கலாம். ரேடான் பயம் வேண்டாம். அது ரேடியத்திலிருந்து வருவது, தாதுவிலிருந்து யுரேனியத்தைப் பிரிக்கும்போதே ரேடியம் போய்விடுகிறது. சிறுநீரகம் பற்றிக் கேட்டதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. யுரேனியம் வயிற்றுக்குள் போனால் ரசாயனமாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், புளிப்பு அதைக் கண்ணாடியிலிருந்து கொஞ்சம் கரைத்தெடுக்கும். எனவே அதில் எலுமிச்சை ஜூஸ் குடிப்பதோ ஊறுகாய் வைப்பதோ கூடாது. உடைந்தால் ஈரத்துணியால் வழித்தெடுத்து அப்புறப்படுத்துங்கள். அரத்தால் ராவவோ அறுக்கவோ வேண்டாம், தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

கராஜில் இருப்பதைத் திரும்ப எடுத்து அடுக்குவது உங்கள் விருப்பம். டாக்டரிடம் போகும்போது அந்த மாத்திரை டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள். எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் அவர் பார்க்க வேண்டும்.