பங்கு மேடை: ஓலைக்கும் வரிப் பாக்கிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: நாங்கள் ஒரு கத்தோலிக்கப் பங்கின் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோவில் சமூகம்) கிளைக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் குடும்பத்தை நடத்துகிறேன். மே மாதத் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு 2,500 ரூபாய் வரி. இரண்டு ஆண்டுகளாக என்னால் கட்ட முடியவில்லை. இப்போது மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பாக்கி 5,000 ரூபாயைக் கட்டி, பாக்கி இல்லை என்ற ஊர்ச் சீட்டு வாங்கி வந்தால்தான் கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கப்படும் என்கிறார்கள் ஊர்ப் பொறுப்பாளர்கள். இது திருஅவையின் (கத்தோலிக்கத் திருச்சபையின்) சட்டமா?
— ஒரு வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: இல்லை, சகோதரி. அப்படி ஒரு சட்டம் இல்லை. அதற்கு நேர்மாறான சட்டம்தான் இருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983-இல் வெளியிட்ட திருஅவைச் சட்டத்தொகுப்பின் 848-ஆம் சட்டம், அருளடையாளங்களை (திருமுழுக்கு, திருமணம் போன்ற புனிதச் சடங்குகளை) நிறைவேற்றுபவர் வரையறுக்கப்பட்ட காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது என்றும், வறுமை காரணமாக எவரும் அருளடையாளங்களின் உதவியை இழந்துவிடாதபடி எப்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் தடை செய்யாத எவரும் திருமணம் செய்துகொள்ளலாம் என்பது 1058-ஆம் சட்டம். உரிய வயது வராமை, ஏற்கெனவே உள்ள திருமணப் பிணைப்பு, நெருங்கிய இரத்த உறவு போன்றவைதான் தடைகள். திருவிழா வரி அந்த வரிசையில் எங்கும் இல்லை.

ஓலை எதற்காக வாசிக்கப்படுகிறது என்பதை உங்கள் ஊர்ப் பொறுப்பாளர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். மறைவாகச் செய்யப்படும் திருமணங்களைத் தடுக்கவும், தடை ஏதும் இருந்தால் அது முன்பே வெளிப்படவும் 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் (ஆயர்களின் பேரவை) இந்த அறிவிப்பைத் திருஅவை முழுமைக்கும் விதியாக்கியது. 1563-இல் திரிதெந்தின் சங்கம் அதை மூன்று முறை அறிவிக்கச் சொன்னது. 'இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று சபையைக் கேட்கும் நேரம் அது. பெண்ணுக்குக் காவலாக இருக்கும் வழக்கத்தையே அவளுடைய தாயின் கழுத்தைப் பிடிக்கும் கருவியாக மாற்றுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. என் தந்தை உபதேசியாராக (மறைக்கல்வி கற்பிப்பவராக) இருந்த ஊரில், நான்காக மடித்த ஓலைத் தாளைப் பங்குத்தந்தை பிரித்து வாசிக்கத் தொடங்கியதும், கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தாய் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு குனிந்துகொள்வாள். மகளின் பெயரோடு தன் பெயரும் பீடத்திலிருந்து சொல்லப்படுகிற அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாள் என்பது சுற்றியிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்த நிமிடத்துக்கு விலை வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பொறுப்பாளர்கள் வழியாகப் போகாமல், மகளையும் அழைத்துக்கொண்டு நேராகப் பங்குத்தந்தையைப் பாருங்கள். திருமுழுக்குச் சான்று, உறுதிப்பூசுதல் சான்று, திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்று ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். உங்கள் அன்பியத்திலிருந்து (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு) இரண்டு பேர் உடன் வந்தால் நல்லது. கிளைக் கிராமத்தில் நடப்பது பல நேரங்களில் பங்குத்தந்தையின் காதுக்கே எட்டுவதில்லை; ஊர்ச் சீட்டு என்ற ஏற்பாடு அவருக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கலாம். அங்கும் வழி பிறக்காவிட்டால் பல பங்குகளைக் கவனிக்கும் குருவான மறைவட்ட அதிபரிடமும், பிறகு ஆயர் இல்லத்துக்கு எழுத்திலும் முறையிடுங்கள். ஓலை வாசிப்பிலிருந்து விலக்குத் தரவும் ஆயருக்கு அதிகாரம் உண்டு என்பதால், உங்கள் மகளின் திருமணம் யாருடைய கைப்பிடிக்குள்ளும் சிக்கிக் கிடக்கத் தேவையில்லை. நம் பக்கத்தில் பல ஊர்களில் கணவரை இழந்தவர் வீட்டுக்கு அரை வரி அல்லது வரியே இல்லை என்ற நல்ல வழக்கம் இருக்கிறது. உங்கள் ஊரில் அது ஏன் இல்லை என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: நான் எங்கள் ஊர்க் கோவிலின் வரவுசெலவைப் பார்ப்பவன். கொடியேற்றத்திலிருந்து தேர்பவனி வரை பத்து நாள் திருவிழாவுக்குச் சப்பர அலங்காரம், மின்விளக்கு, ஜெனரேட்டர் டீசல், பேண்டு வாத்தியம், அசனம் (பொது விருந்து) என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. கண்டிப்பு இல்லாவிட்டால் யாரும் வரி தர மாட்டார்கள். எங்கள் நிலைமையையும் புரிந்துகொள்ள வேண்டாமா?
— ஒரு வாசகர், பாபநாசம் வட்டம்

பதில்: புரிகிறது. கோவில் காரியங்களுக்குத் தம்மால் இயன்றதைக் கொடுப்பது இறைமக்களின் கடமை என்று 222-ஆம் சட்டமே சொல்கிறது. வசதி இருந்தும் கொடுக்காதவர்களிடம் உரிமையோடு கேளுங்கள். ஆனால் கேட்கும் காலத்தைச் சற்றுக் கவனியுங்கள். மே மாதம் டெல்டாவில் வயல் காய்ந்து கிடக்கும் மாதம். வழக்கப்படி ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து, குறுவை நடவு தொடங்கிய பிறகே கூலி வீட்டில் காசு புழங்கும். கைமுதல் இல்லாத மாதத்தில் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நின்றால் அந்த வீடு வட்டிக்குத்தான் வாங்கும். எங்கள் ஊரில் முன்பு, தை மாசியில் சம்பா அறுவடையாகிக் களத்தில் நெல் அளக்கும்போதே கோவிலுக்கென்று ஒரு மரக்கால் தனியாக எடுத்து வைப்பார்கள். நிலம் உள்ளவர் கூடுதலாகவும், கூலிக்காரர் கைப்பிடி அளவாகவும் கொடுப்பார்கள். இப்போது நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது என்றாலும், அறுவடைப் பணம் கையில் இருக்கும்போது கேட்பதற்குத் தடை ஏதும் இல்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மக்கள் தரத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் கணக்கு தெரியாததுதான். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537-ஆம் சட்டம். மக்கள் கொடுத்த பொருளுக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287-ஆம் சட்டம். ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது 1267-ஆம் சட்டம். கொடியிறக்கத்துக்கு அடுத்த ஞாயிறு, வரவையும் செலவையும் ஒரு முழுத்தாளில் எழுதிக் கோவில் கதவில் ஒட்டிப் பாருங்கள். பூசைக்குப் பிறகு ஆண்களும் பெண்களும் அதைச் சுற்றி நின்று விரல் வைத்து வாசிப்பார்கள். வாணவேடிக்கைக்கு இவ்வளவா என்று யாராவது சத்தமாகவே கேட்பார். அந்தக் கேள்வி வரட்டும். எந்தச் செலவை விட்டுவிடலாம் என்று ஊரே சேர்ந்து முடிவு செய்ய அதுவே தொடக்கமாகும்.

அதோடு, வரி பாக்கி உள்ள வீட்டு வாசலில் சப்பரத்தை நிறுத்தாமல் தூக்கிச் செல்லும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், அதை இந்த ஆண்டே கைவிடுங்கள். உப்பும் மிளகும் மாலையும் தட்டில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்டி இடுப்பில் ஏந்தி நிற்கும் ஒரு வீட்டைத் தாண்டி மாதாவை அவசரமாகக் கொண்டுபோவதை நான் ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் குழந்தை சப்பரத்தின் பின்னால் கையை நீட்டி அழுதது இன்றும் நினைவில் இருக்கிறது.

கேள்வி: திருப்பூரில் வேலை பார்த்த என் தந்தை அங்கேயே இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவர வசதியில்லாமல் தகனம் செய்தோம். பல ஆண்டுகளாக ஊர் வரி கட்டவில்லை. சாம்பலை எங்கள் ஊர்க் கல்லறையில் வைக்க முடியுமா, அல்லது காவிரியில் கரைத்துவிட வேண்டியதுதானா?
— ஒரு வாசகர், திருவையாறு

பதில்: கரைக்க வேண்டாம். தகனத்தைத் திருஅவை 1963 முதல் அனுமதிக்கிறது. உடலைப் புதைப்பதையே விரும்பிப் பரிந்துரைத்தாலும், விசுவாசத்துக்கு எதிரான நோக்கத்தோடு செய்யாத தகனத்தை அது குற்றமாகக் கருதுவதில்லை. சாம்பலை நீரிலோ நிலத்திலோ தூவக் கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரை கூறுகிறது. அடக்கச் சடங்கு யாருக்கு மறுக்கப்படலாம் என்பதை 1184-ஆம் சட்டம் வரையறுக்கிறது. அதில் வரி கட்டாதவர் என்ற சொல்லே இல்லை. பங்குத்தந்தையிடம் தகனச் சான்றைக் காட்டி நாள் கேளுங்கள். சாம்பல் கலயத்துக்கு ஒன்றரை அடிக் குழி போதும். உங்கள் பாட்டி, தாத்தாவின் கல்லறை இருந்தால் அதன் தலைமாட்டிலேயே வைக்கலாம். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்குள் முடித்துவிட்டால், அன்று மாலை மற்றக் கல்லறைகளோடு உங்கள் தந்தையினுடையதையும் குருவானவர் மந்திரிப்பார் (ஆசீர்வதிப்பார்).