வாட்டர்கலர் பட்டதும் ரோஜாவின் கோடு கரைந்தால்

வீட்டில் பிரிண்ட் எடுத்த ரோஜா டிஜிட்டல் ஸ்டாம்பில், அதாவது அச்சிட்டு வண்ணம் தீட்டும் கோட்டுப் படத்தில், தூரிகை பட்டதும் இதழின் கருப்புக் கோடு சாம்பலாகப் பரவுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதே ஸ்டாம்பை லேசர் பிரிண்டரில் எடுங்கள், அது நின்றுவிடும்.

உங்கள் பிரிண்டர் திரவ மையைத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட்டாகத்தான் இருக்க வேண்டும். அதில் பெரும்பாலும் வருவது தண்ணீரில் கரையும் சாய மை (டை இங்க்), ராத்திரி முழுக்கக் காயவைத்தாலும் ஈரம் பட்டால் கசியும். லேசரின் டோனரோ சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தூள், தண்ணீருக்கு அசையாது.

ஜெராக்ஸ் கடையில் முதலில் ஒரே ஒரு தாள் எடுத்து, ஓரத்து இலை மேல் வெறும் ஈரத் தூரிகையை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் நிறம் மாறாவிட்டால் சரி.

ஆனால் ஆல்கஹால் மார்க்கர் என்றால் கதையே தலைகீழ். டோனர் இளகி மார்க்கர் நுனியைக் கருப்பாக்கிவிடும், அதற்கு நன்றாகக் காய்ந்த இங்க்ஜெட் பிரிண்டுதான் நல்லது.