சம்பளம் கேட்டால் சேவை மனப்பான்மை போய்விடுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை நூலக ஊழியர்களின் சம்பளம், சங்கம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களில் பலர் இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: பல வருடமாகத் தொகுப்பூதியத்தில் ஒரு பொது நூலகத்தில் இருக்கிறேன். கதவு திறப்பது, பெருக்குவது, பேப்பர் போடுவது, உறுப்பினர் சேர்ப்பது, மாதக் கணக்கு அனுப்புவது எல்லாம் நான் ஒருத்திதான். சங்கமாகச் சேரலாம் என்று பேசினோம். "நீங்களெல்லாம் ஊழியரே கிடையாது, உங்களுக்கு எதற்குச் சங்கம்" என்கிறார் மேலதிகாரி. அப்படிச் சட்டம் இருக்கிறதா? (வாசகி, கடலூர் மாவட்டம்)

இல்லை அம்மா. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது, அது குடிமக்கள் எல்லாருக்கும் உள்ளது, நிரந்தரப் பணி ஆணை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. அரசு அங்கீகரிக்காத சங்கத்தில் அரசு ஊழியர் சேரக்கூடாது என்று முன்பு மத்திய அரசு ஒரு விதியே வைத்திருந்தது, 1962-ல் அதை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது. ஆகவே "அங்கீகாரம் இல்லாத சங்கம்" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். அங்கீகாரம் என்பது நிர்வாகம் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு, சேர்வதற்கு அல்ல.

பதிவு செய்ய ஏழு பேர் விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்கமாகவே பதிவு செய்வதென்றால் மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அது, உறுப்பினராக இருக்க வேண்டும். அரசுத் துறைகளில் பல ஊழியர் அமைப்புகள் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழும் பதிவு செய்துகொள்கின்றன, எது உங்களுக்குப் பொருந்தும் என்று பக்கத்துத் துறைச் சங்கத்தில் யாரிடமாவது கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

சம்பளத்துக்கு வருவோம். 2016-ல் பஞ்சாப் அரசுக்கு எதிரான ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைத் தற்காலிக ஊழியர் செய்தால் அந்தப் பதவிக்கான ஊதிய விகிதத்தின் ஆரம்பச் சம்பளமாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பணி நிரந்தரம் வேறு கதை. 2006 உமாதேவி தீர்ப்பு அந்தக் கதவை ஏறக்குறைய மூடியது. அந்தத் தீர்ப்பைக் காட்டியே பத்து, இருபது வருடம் வேலை வாங்கிவிட்டு வெளியே அனுப்பியதை 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் கண்டித்து, மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்களை நிரந்தரம் செய்யச் சொன்னது.

இதெல்லாம் கைகொடுக்க வேண்டுமானால் "அதே வேலை" என்பதைக் காட்டக் காகிதம் வேண்டும். வருகைப் பதிவேடு, புத்தகச் சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து உள்ள பக்கங்கள், மாதக் கணக்கு அனுப்பிய நகல், "விளக்கம் தருக" என்று உங்கள் பெயருக்கு வந்த மெமோ, எல்லாவற்றையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெமோ கொடுக்கும்போது மட்டும் நீங்கள் ஊழியர்தானே.

கேள்வி: நூலக வேலை என்பது ஒரு தவம். லாபம் ஈட்டாத இடத்தில் சங்கம், கோஷம், கூலிப் பேச்சு எல்லாம் பொருத்தமாக இல்லையே? (ஓய்வுபெற்ற வாசகர், மதுரை)

ஐயா, தவம் செய்கிறவர்கள் வீட்டு வாடகை கட்டுவதில்லை. உங்கள் மேல் கோபமில்லை, ஆனால் இந்த ஒரு வாதத்தை வைத்துத்தான் நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க நூலகச் சம்பளத்தைக் குறைவாக வைத்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நியூயார்க்கில் பொது நூலக ஊழியர்கள் 1917-லேயே சங்கம் தொடங்கினார்கள். பெண்கள்தான் அதை நடத்தினார்கள், அவர்களில் முக்கியமானவர் மாட் மலோன், பெண்கள் வாக்குரிமைக்காகத் தெருவில் இறங்கியவர். கீழே புத்தகம் அடுக்குவதும் கார்டு எழுதுவதும் பெண்கள், மேலே பெரிய பதவி என்றால் ஆண்கள், இது ஏன் என்பது அவர்கள் கேள்வி. 1919-ல் அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள்: ஆண்களுக்கே என்று வைத்திருக்கும் பதவிகளை, நாடாளுமன்ற நூலகத்தின் தலைமைப் பதவி உட்பட, பெண்களுக்கும் திறந்துவிட வேண்டும். எதிர்ப்பு 121 ஓட்டு, ஆதரவு 1. நூலகர்கள் கூடிய மாநாடுதான் அது! அந்தத் தலைமைப் பதவிக்கு ஒரு பெண், கார்லா ஹேடன், வந்தது 2016-ல். அவரையும் 2025 மே மாதம் அதிபர் டிரம்ப் ஒரு மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பினார், அது தனிக் கதை.

அடுத்தது 1981, கலிபோர்னியாவின் சான் ஹோசே. எனக்கு மிகவும் பிடித்த போராட்டம் இது, ஏனென்றால் அவர்கள் "எங்களைப் பாருங்கள், பாவம்" என்று கேட்கவில்லை, கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். நகராட்சியில் வேலை பார்த்த நூலகர்களும் எழுத்தர்களும் ஏஎஃப்எஸ்சிஎம்ஈ என்ற அரசு, நகராட்சி ஊழியர் சங்கத்தின் 101-வது கிளை வழியாக அழுத்தம் கொடுத்து, எல்லா வேலைகளையும் மதிப்பிட்டு ஓர் ஆய்வு செய்யவைத்தார்கள். படிப்பும் அனுபவமும் எவ்வளவு வேண்டும், எவ்வளவு யோசிக்க வேண்டும், பொறுப்பு எவ்வளவு, வேலைச் சூழல் எப்படி என்று ஒவ்வொரு பதவிக்கும் மதிப்பெண். முடிவு வந்ததும் நிர்வாகத்துக்குத் தர்மசங்கடம். மூத்த நூலகருக்கும் மூத்த வேதியியலாளருக்கும் மதிப்பெண் சமம், சம்பளத்தில் மட்டும் வேதியியலாளர் எங்கேயோ இருந்தார். நூலகர்களில் பெரும்பாலோர் பெண்கள், வேதியியலாளர்களில் ஆண்கள். இப்படி ஒன்றிரண்டு இல்லை, பெண்கள் நிறைந்த பதவிகள் வரிசையாகக் கீழே கிடந்தன.

அப்போது அந்த ஊர் மேயர் ஒரு பெண், நகர மன்றத்திலும் பெண்கள்தான் பெரும்பான்மை. இருந்தும் பணம் என்று வந்தபோது பேச்சு இழுத்தது. 1981 ஜூலையில் வேலைநிறுத்தம், ஒன்பது நாள். இரண்டு வருடத்தில் 14.5 இலட்சம் டாலரைப் பெண்கள் அதிகமுள்ள பதவிகளின் சம்பளத்தைச் சரிசெய்யவே ஒதுக்குவது என்று ஒப்பந்தமானது, அதற்கு மேல் எல்லாருக்கும் பொதுவான உயர்வு தனி. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பதற்காக அமெரிக்காவில் நடந்த முதல் வேலைநிறுத்தம் என்று அதைச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் யாராவது இந்த மதிப்பெண் கணக்கை ஒரு கிளை நூலகருக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பட்டம், அதற்குமேல் நூலக அறிவியல் படிப்பு, ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்குச் சொந்தப் பொறுப்பு, ஒன்று தொலைந்தால் கையிலிருந்து கட்ட வேண்டுமோ என்ற பயம். சேவை என்றால் மாவட்ட ஆட்சியர் செய்வதும் சேவைதானே ஐயா, அவர் சம்பளத்தை யாராவது தொகுப்பூதியமாக்கச் சொல்கிறோமா?

கேள்வி: நான் குரூப் 2-க்குப் படிக்கிறேன். வீட்டில் இடமில்லை, நூலகம்தான் எனக்கு எல்லாம். ஸ்டிரைக் என்று பூட்டினால் அரசுக்கு என்ன நஷ்டம், எங்களுக்குத்தானே? (வாசகர், விருதுநகர்)

உண்மை. மறைக்க ஒன்றுமில்லை. பஸ் நின்றால் மாலைக்குள் அமைச்சர் பேட்டி கொடுப்பார், நூலகம் நின்றால் ஒரு வாரம் கழித்துக்கூட மேலே தெரியாது. நூலகச் சங்கங்களின் பெரிய தலைவலியே இதுதான்.

கனடாவின் வான்கூவரில் 2007 ஜூலை 26-ல் பொது நூலக ஊழியர்கள் முதன்முறையாக வேலைநிறுத்தம் செய்தார்கள், சம்பளச் சமத்துவம்தான் முக்கியக் கோரிக்கை, அது முடிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. மூன்று மாதம் சம்பளமில்லாமல் நிற்பது விளையாட்டில்லை. 2012 மார்ச்சில் டொராண்டோவில் பதினோரு நாள். அங்கே சண்டை பெரும்பாலும் பகுதிநேர ஊழியர்களின் வேலைப் பாதுகாப்பு பற்றியது, நூலகத்தில் பாதிப் பேர் பகுதிநேரம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் 2025 அக்டோபர் 27 முதல் இரண்டு வாரம் பிசிஎஸ் என்ற அரசுப் பணியாளர் சங்கத்தினர் வேலைநிறுத்தம் செய்து வெளியே நின்றார்கள், நிர்வாகம் தருவதாகச் சொன்ன உயர்வு 2.4 சதவீதம். அந்த நூலகத்தின் கணினிகளை 2023 அக்டோபரில் ஹேக்கர்கள் முடக்கி, பட்டியலே தேட முடியாமல் போயிருந்தது. அப்போது முன்வரிசையில் நின்று ஆராய்ச்சியாளர்களுக்குப் பதில் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? இதே ஊழியர்கள்தான்.

தமிழ்நாட்டில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஸ்டிரைக் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியர் நடத்தை விதிகள் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்கின்றன. 2003 ஜூலையில் நடந்ததை உங்கள் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்: ஒரே மூச்சில் ஏறத்தாழ 1.7 இலட்சம் அரசு ஊழியர், ஆசிரியர்களை டிஸ்மிஸ் செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்டப்படியான உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. மன்னிப்புக் கடிதம் கொடுத்துத்தான் பெரும்பாலோர் திரும்ப உள்ளே போனார்கள். அந்த வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் பல துறைகளில் சங்கக் கூட்டத்தில் குரல் இறங்கிவிடும்.

அதனால்தான் இங்கே கருப்பு பேட்ஜ், மாலை நேர ஆர்ப்பாட்டம், விடுமுறை நாளில் தர்ணா என்று போகிறது. உங்கள் படிப்பு கெடாத போராட்டங்கள் இவை, அதனாலேயே யார் கண்ணிலும் படாதவையும்கூட. அடுத்த முறை பேட்ஜ் குத்திய ஒருவர் உங்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தால், என்ன கோரிக்கை சார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: தனியார் கல்லூரி நூலகர் நான். நெட் (கல்லூரிப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) பாஸ். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சம்பளம் என்று பேச்செடுத்தாலே "வெளியே ஆள் நிறைய இருக்கிறார்கள்" என்கிறார்கள். (வாசகி, கோவை)

யுஜிசியின் 2018 விதிகள் கல்லூரி நூலகரையும் உதவிப் பேராசிரியரையும் ஒரே ஊதிய நிலையில்தான் வைக்கின்றன, ஏழாவது ஊதியக் குழுப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். சுயநிதிக் கல்லூரிகளில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு.

சங்கம் அமைக்கத் தடையில்லை. சிக்கல், தொழில் தகராறாகக் கொண்டுபோகும்போது நீங்கள் சட்டப்படி "தொழிலாளி"யா என்ற கேள்வி வரும். ஆசிரியர் அந்த வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூலகர் விஷயத்தில் பதவிப் பெயரைவிட உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் வாதம் நடக்கும். மேற்பார்வைப் பணி, சம்பளம் 18,000-க்கு மேல் என்றால் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் நீங்கள் வெளியே. 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது. அதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரே நாளில் 50 சதவீதம் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம், 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் செய்தால் சட்டவிரோதம். "எல்லாரும் சேர்ந்து லீவு போடுவோம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதும் முன் இதை யோசியுங்கள்.

தனியாக நூலகர் சங்கம் என்று கல்லூரிக்கு ஒருவர், இருவராக என்ன செய்ய முடியும்? ஆய்வக உதவியாளர், அலுவலக ஊழியர்களோடு சேருங்கள். சான் ஹோசேயில் நூலகர்கள் ஜெயித்ததே எழுத்தர்களோடு ஒரே சங்கத்தில் இருந்ததால்தான்.

கேள்வி: நூலகத்துக்குப் போய்வரும் சாதாரண வாசகன் நான். என்னால் ஆவது ஏதாவது உண்டா? (வாசகர், திருவாரூர்)

உண்டு. உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று 10 சதவீதம் இருக்கும். 1948 பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் நம்முடையது, அதன் பின்னால் எஸ்.ஆர். ரங்கநாதன் இருந்தார். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டியது. உங்கள் நகராட்சியோ ஊராட்சியோ போன வருடம் எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு கொடுத்தது, பாக்கி எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய். "நிதி இல்லை" என்று சொல்லும் இடத்தில் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தும் சங்கத்துக்கு அந்தப் பதில் கடிதம் மிகவும் பயன்படும். ஒரு நகலை உங்கள் நூலகரிடமும் கொடுங்கள், அவரே மனு போட்டால் மேலிடத்தில் கேள்வி வரும், நீங்கள் போட்டால் வராது.