ஒன்பதாவது ஹீட் வரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஸ்பீட்வே என்ற மண்தடப் பந்தயம் குறித்து ஒரு பத்தி வந்திருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நான் நியூகாசிலில் நான்கு வருடங்களாக வேலை பார்க்கிறேன். போன மாதம் இங்கே ஒரு பழைய சாமான் கடையில் ஐம்பது பென்சுக்கு ஒரு மெல்லிய புத்தகம் வாங்கினேன். 1976-ஆம் வருடத்து ஸ்பீட்வே ஆட்டத்தின் ப்ரோக்ராம். ஒரு திங்கட்கிழமை இரவு நடந்த ஆட்டம். மேலே ‘நியூகாசில் டயமண்ட்ஸ், நேஷனல் லீக்’ என்று போட்டிருக்கிறது. உள்ளே கட்டங்களில் யாரோ பென்சிலால் எண்களை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது ஹீட்டோடு, அதாவது ஒன்பதாவது சிறு ஓட்டத்தோடு, எழுத்து நின்றுவிடுகிறது, மீதிக் கட்டங்கள் காலி.

என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். கையில் இருந்த டீயை மறந்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அப்போது அவருக்குப் பதினோரு வயதாம். “அந்த வருஷம் நாங்கள்தான் சாம்பியன்” என்றார். நேஷனல் லீக் என்றால் நாட்டின் முதல் லீக்தானே என்று கேட்டேன். “இல்லை, இரண்டாவது” என்றார், கொஞ்சமும் குரல் இறங்காமல்.

எனக்குப் புரியவில்லை. பெயர் நேஷனல், ஆனால் இரண்டாவது! அதில் ஜெயித்ததை இவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கிறார்கள். உலக சாம்பியன்களும் முதல் லீக்கும்தானே ஒரு விளையாட்டின் வரலாறு? இதையும் வரலாற்றில் சேர்க்க வேண்டுமா?

எஸ்., நியூகாசில்

அன்புள்ள எஸ்.,

சேர்க்க வேண்டும். இதை எடுத்துவிட்டால் பிரிட்டனில் அந்த விளையாட்டுக்கு 1960-க்குப் பிறகு சொல்வதற்கு அதிகம் மிஞ்சாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் எல்லோருமே தடுக்கி விழுகிறார்கள். 1932 முதல் 1964 வரை ‘நேஷனல் லீக்’ என்றால் முதல் லீக். 1965-ல் அந்தப் பெயர் போய் ‘பிரிட்டிஷ் லீக்’ வந்தது. 1968-ல் அதற்குக் கீழே இரண்டாம் டிவிஷன் தொடங்கியது. 1975-ல் அந்த இரண்டாம் டிவிஷனுக்குப் ‘புதிய நேஷனல் லீக்’ என்று பெயர் வைத்தார்கள், அடுத்த வருடமே ‘புதிய’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது. உங்கள் கையில் இருப்பது அந்த வருடத்து ப்ரோக்ராம். 1997 முதல் 2016 வரை இரண்டாவது லீக்குக்கு என்ன பெயர் தெரியுமா? பிரீமியர் லீக்! கால்பந்து பார்த்துப் பழகியவர்கள் தலையைச் சொறிந்துகொள்வார்கள். 2017 முதல் அது சாம்பியன்ஷிப்.

சரி, அந்தப் பென்சில் எண்களுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் அதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் ஊர் ப்ரோ பார்க்கில் ஒரு ஆட்டம் பார்த்தேன். வளைவில், வேலியை ஒட்டி நின்றிருந்தேன். தடத்தில் ஷேல் என்கிற நொறுக்கிய செம்மண்கல் பரப்பியிருக்கும். நான்கு வண்டிகள் டேப் என்கிற தொடக்கத் தடுப்பு நாடாவுக்குப் பின்னால் வந்து நிற்கும், ஒரு அணிக்கு இரண்டு பேர். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரே கியர், எரிபொருள் மெத்தனால். பிரேக் கிடையாது. டேப் மேலே பறந்ததும் நான்கு பேரும் முதல் வளைவுக்குள் ஒன்றாகப் பாய்வார்கள். பின்சக்கரத்தை வேண்டுமென்றே வெளிப்பக்கம் வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்புவார்கள். எப்போதும் இடப்பக்கம்தான் சுற்று. நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம், முடிந்தது. என் காகிதக் கப்பில் டீயின் மேல் செம்மண் ஒரு படலமாகப் படிந்திருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் கப்பை உள்ளங்கையால் மூடி வைத்திருந்தார். பழகியவர்.

அவர் மறுகையால் செய்ததுதான் முக்கியம். ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் ப்ரோக்ராமை விரித்து எண்களை எழுதினார். முதலில் வந்தவருக்கு 3, அடுத்தவருக்கு 2, பிறகு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. விழுந்தவர் பெயருக்கு எதிரே ‘எஃப்’. ஓரத்தில் வெற்றி பெற்றவரின் நேரம். கீழே இரண்டு அணிகளின் கூட்டுத்தொகை. சுற்றிலும் பாதிப் பேர் இதையே செய்துகொண்டிருந்தார்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட.

உங்கள் ப்ரோக்ராமின் காலத்தில் ஒரு ஆட்டத்துக்கு 13 ஹீட். ஒரு ஹீட்டில் 6 புள்ளி, மொத்தம் 78. கடைசி ஹீட்டுக்கு முன் 37-35 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்தங்கிய அணி கடைசி ஹீட்டை 4-2 என்று எடுத்தால் ஆட்டம் சமன். 5-1 என்று எடுத்தால் வெற்றி. ஆகவே அந்த ஹீட்டில் தனி ஆளாக முதலில் வந்து பயனில்லை, கூட்டாளியையும் இரண்டாவதாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். முன்னால் போகிறவர் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பின்னால் திரும்பிப் பார்த்து, எதிராளியின் வழியை மறித்துக் கூட்டாளியை உள்ளே விடுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. தனிநபர் உலக சாம்பியன்ஷிப்பில் இது கிடையாது. அங்கே ஒவ்வொருவரும் தனக்காக ஓட்டுகிறார். லீக்கில்தான் இது உண்டு, அது முதலாவதோ இரண்டாவதோ.

இனி வரலாறு. பிரிட்டனில் இந்த விளையாட்டு வேர்விட்டது 1928 பிப்ரவரி 19-ல், எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில் நடந்த பந்தயத்திலிருந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முன்பும் சில இடங்களில் நடந்திருக்கிறது. இரண்டாவது லீக் என்று ஒன்று 1936-ல் வந்தது, பெயர் ப்ரொவின்ஷியல் லீக், முதல் வருடம் சவுத்தாம்ப்டன் ஜெயித்தது. போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. 1946-ல் வடக்கத்திய ஊர்களை வைத்து நார்தர்ன் லீக் என்று திரும்பத் தொடங்கினார்கள், உங்கள் நியூகாசிலும் அதில் இருந்தது. மிடில்ஸ்பரோ ஜெயித்தது. அந்த நாட்களில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை, சில வருடங்களில் மூன்றாம் டிவிஷன் வரை போனது.

அப்புறம் 1950-களில் சரிவு. கேளிக்கை வரி கழுத்தை இறுக்கியது, வீட்டுக்கு வீடு டிவி வந்தது. ஒவ்வொரு தடமாக மூடிக்கொண்டே வந்தது. வெம்ப்ளி அணிகூட 1957-ல் களமிறங்கவில்லை. அந்த வருடம் இரண்டு டிவிஷனையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். மூடிய ஊர்களில் ஷேல் மேல் புல் முளைத்தது.

1960-ல் மைக் பார்க்கர், ரெக் ஃபியர்மன் போன்ற சில புரொமோட்டர்கள் கூடி மூடிக் கிடந்த தடங்களைத் திறந்தார்கள். பழைய பெயரையே வைத்தார்கள், ப்ரொவின்ஷியல் லீக். ரேலீ, பூல், பிரிஸ்டல், ஸ்டோக், ஷெஃபீல்ட், பிராட்ஃபர்ட், லிவர்பூல், யார்மத், எடின்பரோ, க்ரேட்லி ஹீத் என்று பத்து அணிகள். பெரிய நட்சத்திரங்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, ஆகவே வயதானவர்களும் புதுப் பையன்களும்தான் ஓட்டினார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம். அதனால்தான் பிழைத்தார்கள். மேலே இருந்த நேஷனல் லீக்கோ தேய்ந்துகொண்டே போனது. 1963 முடிவில் சவுத்தாம்ப்டனும் மூடியது.

இப்போது மேலிடம் என்ன செய்தது என்று பாருங்கள். 1963-ல் ப்ரொவின்ஷியல் லீக்கை ஜெயித்த வுல்வர்ஹாம்ப்டன் மேல் லீக்குக்கு வந்தாக வேண்டும் என்று ஸ்பீட்வேயை நிர்வகித்த கண்ட்ரோல் போர்டு உத்தரவு போட்டது. தங்கள் சாம்பியனைப் பிடுங்கி நேஷனல் லீக்கின் ஓட்டையை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று கீழ் லீக்காரர்கள் கொதித்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு 1964 முழுக்க போர்டின் உரிமம் இல்லாமலேயே லீக்கை நடத்தினார்கள். போர்டு அவர்களுடைய ரைடர்களுக்குத் தடை விதித்தது. நடத்தியது 12 அணி, தடை விதித்த பக்கம் 7 அணி! கடைசியில் ஷாக்ராஸ் பிரபு தலைமையில் விசாரணை வைத்து, 1965-ல் இரண்டையும் இணைத்து 18 அணிகளோடு பிரிட்டிஷ் லீக்கை உண்டாக்கினார்கள். அந்தப் பதினெட்டில் பெரும்பாலானவை கீழ் லீக் அணிகள். இரண்டாவது லீக் முதல் லீக்கைக் காப்பாற்றியது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

தடை விதிக்கப்பட்ட அந்த 1964-ல் ப்ரொவின்ஷியல் லீக்கை ஜெயித்தது யார்? நியூகாசில் டயமண்ட்ஸ். அந்த அணியில் ஐவன் மேஜர் என்ற நியூஸிலாந்துக்காரர் இருந்தார். 1957-ல் பதினேழு வயதில் விம்பிள்டன் ஸ்பீட்வே அணிக்கு வந்து, எடுபடாமல் ஊர் திரும்பியவர். 1963-ல் மறுபடி வந்தபோது அவருக்கு இடம் கொடுத்தது இரண்டாவது லீக்கில் இருந்த நியூகாசில். 1963, 1964 இரண்டு வருடமும் அந்த லீக்கின் தனிநபர் பட்டம் அவருக்கே. 1968-ல் உலக சாம்பியன் ஆனபோதும் அவர் நியூகாசில் ரைடர்தான். மொத்தம் ஆறு முறை உலகப் பட்டம். முதல் வாய்ப்பில் தோற்றுப்போன ஒரு பையனுக்கு இரண்டாவது வாய்ப்பைக் கொடுக்க ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். அதே ப்ரோ பார்க்கில் 1998-ல் நிக்கி பெடர்சன் என்ற டென்மார்க் பையன் வந்து ஓட்டினார். பிற்பாடு மூன்று முறை உலக சாம்பியன். இரண்டாவது லீக்கை விட்டுவிட்டு உலக சாம்பியன்களின் கதையை எப்படி எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.

நியூகாசிலின் பாதை நேர்கோடு அல்ல. 1970-ன் முடிவில் தடம் மூடியது, உரிமம் ரெடிங் ஊருக்குப் போனது. 1975-ல் திரும்பத் திறந்தது, இரண்டாவது லீக்கில். மறு வருடம் பட்டம். உங்கள் ப்ரோக்ராமில் டாம் ஓவன், ஜோ ஓவன் என்ற சகோதரர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள், பென்சில் 3-கள் அங்கே நிறைய இருக்கும். 1982, 1983-லும் ஜெயித்தார்கள். அந்த உற்சாகத்தில் 1984-ல் மேல் லீக்குக்குப் போனார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டது போல் ஆயிற்று, ஒரே வருடம்தான், 1985-ல் ஆட்டம் இல்லை. 1986-ல் மறுபடி இரண்டாவது லீக். 2001, 2010 என்று பட்டங்கள். 2022-ல், சீசன் நடுவிலேயே, மூடிவிட்டார்கள்.

கவனியுங்கள், இதில் பெரும்பாலும் மேலே போவதும் கீழே வருவதும் தோல்வி வெற்றியால் அல்ல, பணத்தால். பூல் அணி 2018-ல் முதல் லீக் சாம்பியன். 2019 முடிந்ததும் செலவு தாங்காது என்று தானாகவே கீழே இறங்கிவந்தது. வொர்க்கிங்டன் இதைவிடக் கொடுமை: 2018-ல் இரண்டாவது லீக்கில் பட்டமும் கோப்பையும் ஜெயித்த அணி, 2019-ல் அணியே இல்லை. ஜெயித்தாலும் அணியை அப்படியே வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒவ்வொரு ரைடருக்கும் அவர் எடுக்கும் புள்ளிகளை வைத்து ஒரு சராசரி எண் உண்டு, ஏழு பேரின் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. நன்றாக ஓட்டினால் சராசரி ஏறும், ஏறினால் அணியைக் கலைக்க வேண்டும். எனக்கு இந்த விதி பிடிக்காது, ஆனால் இது இல்லாவிட்டால் பணக்கார அணி ஒன்று எல்லோரையும் வாங்கிக்கொள்ளும் என்பதையும் மறுக்க முடியவில்லை.

பணத்துக்கு அடுத்தது நிலம். பெரும்பாலான தடங்கள் நாய்ப் பந்தய மைதானத்திலோ கால்பந்து மைதானத்திலோ ஒட்டுக்குடித்தனம். சொந்தக்காரர் விற்றால் அணி நடுத்தெருவில். 1960-ன் ப்ரொவின்ஷியல் லீக் சாம்பியன் ரேலீ ராக்கெட்ஸுக்கு 1973-க்குப் பிறகு தடம் இல்லை. அடுத்த வருடம் ராக்கெட்ஸ் என்ற பெயரைத் தூக்கிக்கொண்டு ஹாட்ஸ்டன் பக்கத்தில் ரை ஹவுஸுக்குக் குடிபோனார்கள், 1980-ல் அந்தப் பெயரோடு ஜெயித்தார்கள். உங்கள் ஊருக்கு வடக்கே பெரிக் என்ற சின்ன எல்லையூர் இருக்கிறதே, அங்கே பேண்டிட்ஸ் 1968-லிருந்து இருக்கிறார்கள். தங்கள் தடமான ஷீல்ஃபீல்ட் பார்க்கை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது வயல்வெளியில் சொந்தமாகத் தடம் போட்டு ஓட்டினார்கள், 1995-ல்தான் ஷீல்ஃபீல்டுக்குத் திரும்பினார்கள். ஒரு சனிக்கிழமை உங்கள் பெரியவரை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

போகும் வழியில் ஒன்று கேளுங்கள். ஒன்பதாவது ஹீட்டோடு எழுத்து ஏன் நின்றது என்று எனக்கும் யோசனையாக இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் ஷேல் சேறாகிவிடும், ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அப்படி இருக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை இரவு, மறுநாள் பள்ளிக்கூடம், கடைசி ஹீட்டுக்கு முன்பே அப்பா கையைப் பிடித்துப் பஸ்ஸுக்கு இழுத்துப்போன ஏதோ ஒரு பையனின் ப்ரோக்ராமாகவும் இருக்கலாம். அந்தத் தேதியில் மழை பெய்ததா என்று அவருக்கு நினைவிருக்கும்.